கங்காணிக்குக் கொம்பு முளைப்பது எப்படி?

சுங்குவார்சத்திரம் டீக்கடைகளில் ஒரு தத்துவம் அடிக்கடி காதில் விழுகிறது. "அதிகாரம் யார் கைக்குப் போனாலும் ஒன்றுதான், ஐயா! இன்றைக்கு முதலாளி மிதிக்கிறான். நாளைக்குச் சங்கத் தலைவன் மிதிப்பான். இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன?"

இப்படிப் பேசுகிறவர்களில் நிர்வாகத்தின் ஆட்களும் உண்டு. பேசுவதற்கு அவர்களுக்குக் கூலி கிடைக்கிறது, பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் இரவு ஷிப்டு முடிந்து, கண் எரிச்சலோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற நம் தோழனும் இதையே திருப்பிச் சொல்கிறான். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற நம் தாய்மார்களும் இதையே சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டியது நம் கடமையாகிறது. மழுப்பாமல் சொல்வோம்.

அதிகாரம் மனிதனைக் கெடுக்குமா? கெடுக்கும். யாரை முதலில் கெடுக்கும், எப்போது கெடுக்கும், கெடாமல் காக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. டீக்கடைத் தத்துவம் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை. கேட்டால் அது நிலைக்காது!

பணம் தருவார்களாம், பேச்சுரிமை தரமாட்டார்களாம்!

2024 செப்டம்பர் 9ந் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 37 நாள் நின்றார்கள். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டெலிவிஷனும் செய்கிற கைகள் அவை. அவர்கள் கேட்டது சம்பள உயர்வு. அதைவிட முக்கியமாகக் கேட்டது, தாங்கள் அமைத்த சங்கத்தை நிர்வாகம் ஏற்றுப் பேச வேண்டும் என்பது.

நடந்ததைக் கவனியுங்கள். அக்டோபர் 7ந் தேதி, சங்கத்தை ஒதுக்கிவிட்டு வேறு ஒரு பகுதித் தொழிலாளரோடு நிர்வாகம் ஓர் ஒப்பந்தம் செய்தது. அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த காரியம் இது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் என்ன நடந்தது? இரவில் போலீஸ் போய்ச் சிலரைக் கைது செய்தது. போராட்டப் பந்தலைப் பிரித்தெறிந்தது.

ஆக, பணம் கொடுக்க நிர்வாகம் தயாராக இருந்தது. "எங்கள் சார்பில் இவர் பேசுவார்" என்று தொழிலாளி கையைக் காட்டுகிற உரிமையைத்தான் கொடுக்கத் தயாராக இல்லை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது என்றுகூட வாதாடினார்கள். அந்தப் பெயர் பொறித்த பொருளைச் செய்யலாம், அந்தப் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். தன் சங்கத்துக்கு மட்டும் வைக்கக்கூடாதாம்! பிறகு 2025 ஜனவரி 27ந் தேதி சங்கம் பதிவானது. அடுத்த மாதமே பொறுப்பாளர்கள் மூன்று பேர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் உட்கார்ந்தார்கள். 2025 மே மாதத்தில் அதே சங்கத்தோடு நிர்வாகம் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மூன்று ஆண்டுகளில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் உயர வழி பிறந்தது.

இந்தக் கம்பெனியின் சொந்த நாடான தென் கொரியாவிலும் இதே கதைதான். அங்கே பல பத்தாண்டுகள் 'சங்கம் கூடாது' என்பதே கொள்கையாக இருந்தது. சங்கத்தை உடைக்கச் சதி செய்தார்கள் என்று 2019 டிசம்பரில் சியோல் நீதிமன்றம் அதிகாரிகள் பலரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் சிலர் விடுதலையானார்கள். 2020 மே மாதத்தில் அதிபர் லீ ஜே-யோங்கே மக்கள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, இனிச் சங்கத்துக்குத் தடை இல்லை என்றார். சியோலில் தலை குனிந்தார்கள். நான்கு வருஷம் கழித்துச் சுங்குவார்சத்திரத்தில் தலை நிமிர்ந்து நின்று 'முடியாது' என்றார்கள்!

இதிலிருந்து முதல் பாடம்: சுரண்டுகிறவன் காசைவிட அதிகமாகக் காப்பாற்ற நினைப்பது, மற்றவன் மேல் தனக்குள்ள அதிகாரத்தை. காசை இன்று கொடுத்து நாளை பிடுங்கிக்கொள்ளலாம். அதிகாரம் போனால் பிடுங்குகிற கை போய்விடும்.

அந்தக் கை யாருடையது?

இப்போது கேட்போம்: ஒரு மனிதன் ஆயிரம் மனிதர்கள் மேல் அதிகாரம் செலுத்துவது எப்படி முடிகிறது? அவனுக்கு ஆயிரம் கை உண்டா? இல்லை. நம்மிடமிருந்தே கை இரவல் வாங்குகிறான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்கள் போன காலத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது, ஆளைத் தெரியாது. ஆள் பிடித்தவன், கடன் கொடுத்தவன், விடியற்காலையில் லயத்துக் கதவைத் தட்டியவன் யார்? நம்மூர்க் கங்காணி. எத்தனை தலை வேலைக்கு இறங்குகிறதோ அத்தனை தலைக்கும் அவனுக்குக் காசு. காய்ச்சலில் கிடந்த பெண்ணை எழுப்பி மலையில் ஏற்றினால் கங்காணிக்கு அன்றைய தலைக்காசு உண்டு; படுக்கவிட்டால் இல்லை. துரை அவனுக்குக் கெட்ட புத்தி சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. காசு வருகிற வழியே புத்தியைத் திருப்பிவிட்டது. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால், பட்ட கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிய 1921ம் ஆண்டு ஆயிற்று.

தஞ்சைக்கு வாருங்கள். பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால். உத்தரவு போட்டவன் மிராசுதார். சவுக்கை ஓங்கியவன்? சாணியைக் கரைத்தவன்? ஏஜெண்டும் தலையாரியும், கூலிக்கு நின்ற ஆட்கள். 1940களில் தோழர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சை சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டியபோது என்ன சொன்னார்? அடித்தால் திருப்பி நில் என்றார். பண்ணையாட்கள் சேர்ந்து நின்றார்கள். சவுக்கு கீழே விழுந்தது. 1968 டிசம்பர் 25ந் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தத் தீயைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நிலமுள்ளவர்களா? மிராசுதாரோடு வந்த அடியாட்களும் நின்றார்கள். 1973ல் ஐகோர்ட் மிராசுதார்களை விடுவித்துவிட்டது. தூண்டியவன் வீட்டுக்குப் போனான். கொலைப் பழியோ ஏழை அடியாளின் பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகல் எங்கும் கண்ணாடிக் கட்டிடங்கள். சவுக்கு இல்லை, சாணிப்பால் இல்லை. ஏ.சி. போட்ட ஹாலில் கன்வேயர் ஓடுகிறது. கங்காணியும் ஒழிந்துவிட்டானா? பேர்தான் மாறியிருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிற காண்ட்ராக்டர் இருக்கிறார். டார்கெட் ஏறவில்லை என்றால் மேலேயிருந்து வசவு வாங்கி, அதை இரண்டு மடங்காக்கிக் கீழே இறக்குகிற லைன் லீடர் இருக்கிறார். கதவுக்குப் பூட்டுப் போடுகிற ஹாஸ்டல் வார்டன் இருக்கிறார்.

2021 டிசம்பரில் என்ன நடந்தது? ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில், கெட்ட சாப்பாட்டால் 250க்கு மேற்பட்டோர் உடல்நலம் கெட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் நிபந்தனைப்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியும் சொன்னது. வேலையும் ஒருவன் கையில், படுக்கிற பாயும் அவன் கையில், உண்கிற சோறும் அவன் கையில் என்றால், அங்கே ஒரு வாய் எப்படித் திறக்கும்? நூறு வாய் சேர்ந்தால்தான் திறக்கும்!

கை கொடுத்தவன் கட்டுகிற விலை

லைன் லீடரைத் திட்டித் தீர்ப்பது நம் நோக்கமல்ல. அவன் யார்? நம் வீட்டுப் பிள்ளை. அப்பன் அண்டை வெட்டியவன், அம்மா நாற்றுப் பறித்தவள். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா படித்தான். நான்கு வருஷம் லைனில் நின்றான். ஒருநாள் கூப்பிட்டு வேறு நிறத்தில் ஒரு தொப்பி கொடுத்தார்கள். சம்பளத்தில் சில ஆயிரம் ஏற்றினார்கள். "நீ இனி எங்கள் ஆள்" என்றார்கள்.

அன்றைக்குத்தான் கொம்பு முளைக்கத் தொடங்குகிறது. நேற்று வரை பக்கத்தில் நின்று வேலை செய்தவள் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று கேட்டால், அவன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு வலியை அவள் அவனிடம் சொல்ல வேண்டும். அவன் நம்ப மறுக்க வேண்டும். யார் யாரோடு பேசுகிறார்கள், எவன் சங்கத் துண்டறிக்கை வாங்கினான் என்று கவனித்து மேலே சொல்ல வேண்டும். முதல் நாள் அவனுக்கு மனம் கூசும். பத்தாம் நாள் பழகிவிடும். நூறாம் நாள், "இவர்களை இப்படித்தான் நடத்த வேண்டும்; இல்லாவிட்டால் வேலை நடக்காது" என்று தானே நம்பத் தொடங்கிவிடுவான். பிறரைத் தாழ்த்துகிற வேலையைச் செய்கிறவன், அவர்கள் தாழ்ந்தவர்கள்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் தூங்க முடியாது. சாதி இந்த நாட்டில் நிலைத்து நின்றதும் இந்தத் தந்திரத்தால்தானே?

அவன் பெற்றது என்ன? சில ஆயிரம் ரூபாய். இழந்தது? கேன்டீனில் அவன் தட்டோடு வந்தால் பேச்சு நிற்கிறது. ஊர்த் திருவிழாவில் பழைய கூட்டாளிகள் ஒதுங்குகிறார்கள். மேலே இருப்பவனுக்குப் பயம், கீழே இருப்பவன் மேல் கோபம். இரண்டுக்கும் நடுவில் சொந்த மனசு நசுங்குகிறது. இவ்வளவுக்கும் பிறகு கம்பெனி அவனைக் காப்பாற்றுமா? 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கதவைச் சாத்தியபோது, பட்டன் அழுத்தினவனும் போனான், அவனை விரட்டினவனும் போனான். கதவுக்கு வெளியே இருவரும் ஒரே வெயிலில்தான் நின்றார்கள்.

முதலாளிக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அவன் யாரையும் நேரில் பார்த்து வசைபாட வேண்டியதில்லை. இலாபத்தை அவன் தன் கணக்கில் எழுதுகிறான். பாவத்தை நம்மவன் கணக்கில் எழுதிவிடுகிறான்.

"சங்கமும் அப்படித்தானே?"

இங்கே டீக்கடைக்காரர் கேட்பார்: "சரி, உங்கள் சங்கத்துக்குப் பலம் வந்தால் அங்கே கங்காணி வரமாட்டானா?"

நியாயமான கேள்வி. வரமாட்டான் என்று சத்தியம் செய்து கொடுப்பவன் தொழிலாளியை ஏமாற்றுகிறான். வரக்கூடும். சரித்திரம் சொல்கிறது.

சென்னை பி அண்டு சி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27ந் தேதி மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் சங்கங்களில் ஒன்று. மூன்றே வருஷத்தில், 1921ல், அந்த மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மில் நிர்வாகமும் சர்க்காரும் அந்தப் பிளவை ஊதி வளர்த்தன. ஆனால் நம் பக்கத்தில் நடந்தது என்ன? அவர்கள் ஏன் தனியே போனார்கள், சேரி வாசி சங்கத்தில் சமமாக உட்கார முடிந்ததா என்று கேட்பதற்குப் பதிலாகக் கல்லையும் தீயையும் எடுத்தார்கள். புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. பல மாதம் பட்டினி கிடந்து நடத்திய வேலைநிறுத்தம் தோற்றது. சங்கத்தின் பலம் முதலாளி மேல் விழாமல் தனக்கும் கீழே இருந்த தொழிலாளி மேல் விழுந்தது. அந்த நிமிஷமே அது பலமாக இல்லாமல் போயிற்று.

அரியானாவின் மானேசரைப் பாருங்கள். 2011 அக்டோபரில் மாருதித் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்தார்கள். எதற்காக? வெளியே நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உள்ளே விட வேண்டும் என்பதற்காக. நிரந்தரத் தொழிலாளி தனக்கில்லாத ஒரு கோரிக்கைக்காகத் தன் சோற்றைப் பணயம் வைத்தான். அதுவே சங்கத்தின் உச்சம். அதே இடத்தில் 2012 ஜூலை 18ந் தேதி மோதல் வெடித்தது, தீப்பிடித்தது, நிர்வாகி ஒருவர் இறந்தார். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்தவர். 148 தொழிலாளர் மீது வழக்கு நடந்தது. 2017ல் 117 பேர் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டார்கள். 13 பேருக்கு ஆயுள் தண்டனை. நிரபராதிகள் சிறையில் கழித்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது? அந்த ஒரு நாளைக் காட்டித்தான் இன்றுவரை நாடு முழுவதும் முதலாளிகள் சங்கம் என்றாலே பூச்சாண்டி காட்டுகிறார்கள்.

உலகத்தைப் பார்த்தாலும் இதே பாடம். தொழிலாளர் பெயரால் வந்த அதிகாரமும் கேள்வி கேட்பார் இல்லாமல் போனால் என்ன கொடுமை விளையும் என்பதை, 1956ல் சோவியத் கட்சியின் 20வது காங்கிரஸே உலகறியச் செய்தது. இதை மறைத்துப் பேசுவதால் நம் கட்சிக்கு இலாபம் எதுவும் இல்லை. மறைக்கிற இடத்தில்தான் கங்காணி முளைக்கிறான்.

அப்படியானால் டீக்கடைத் தத்துவம் சரிதானா? ஒருக்காலும் இல்லை! முதலாளியின் அதிகாரம் எங்கிருந்து வந்தது? பங்குப் பணத்திலிருந்து. நாம் அதைக் கொடுக்கவில்லை. நாம் அதைத் திரும்ப வாங்க முடியாது. நமக்கு அது கணக்குக் காட்ட வேண்டியதும் இல்லை. சங்கத்தின் அதிகாரம் நாம் உயர்த்திய கையிலிருந்து வந்தது. உயர்த்திய கையை இறக்கினால் அது போய்விடும். இந்த வித்தியாசம் காகிதத்தில் இருந்தால் போதாது. நடப்பில் இருக்க வேண்டும். அதற்குத்தான் காவல் வேண்டும்.

நமக்கு நாமே போடும் கட்டு

முதலாவது, கணக்கு. சந்தாவில் ஒரு ரூபாயானாலும் கேட் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். "எங்களை நம்பவில்லையா?" என்று கோபப்படுகிற பொறுப்பாளருக்குக் கொம்பு முளைக்கிறது என்று அறியுங்கள்.

இரண்டாவது, தேர்தல். தேர்ந்தெடுத்தவனை இறக்கவும் உறுப்பினருக்கு உரிமை வேண்டும். நிர்வாகத்தோடு பேச ஒருவர் மட்டும் தனியே அறைக்குள் போகக்கூடாது. போய்ப் பேசியதை அன்றே வெளியே சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நம் சங்கத்தில் யார் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளி இருக்கிறானா? டிரெயினி என்று பேர் வைத்து வருஷக்கணக்கில் வேலை வாங்கப்படுகிறவன் இருக்கிறானா? பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து, ஒரு அறையில் பத்துப் பேராகப் படுத்து, ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாற்றுகிற தோழன் இருக்கிறானா? பெண்கள் பொறுப்பில் இருக்கிறார்களா, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க மட்டுமா? "வடக்கன் வந்து கூலியைக் கெடுத்தான்" என்று சொல்கிற வாய், 1921ல் புளியந்தோப்பில் கல் எடுத்த கைக்குச் சொந்தமான வாய். கூலியைக் கெடுத்தவன் அவனைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்தவன். அன்று சிலோனில் துண்டில் சிக்கிக் கிடந்த நம் பாட்டனும் அங்கே வெளியூர்க்காரன்தான்!

சம்பள ஒப்பந்தம் வரும்போது இந்தச் சோதனை வரும். "நிரந்தரத்துக்கு ஏற்றித் தருகிறோம், காண்ட்ராக்டைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று நிர்வாகம் மெல்லச் சொல்லும். அது நமக்கு நீட்டப்படுகிற வேறு நிறத் தொப்பி. அதைத் தலையில் வைத்துக்கொள்கிற சங்கம், அன்று முதல் கங்காணிச் சங்கம்.

நான்காவது, கை. மிரட்டிச் சேர்த்த உறுப்பினர் ஒருவருக்கொருவர் பயந்துதான் நிற்பார்கள். போலீஸ் லாரி வந்ததும் ஓடுவார்கள். புரிந்து சேர்ந்தவர்கள் 37 நாள் நிற்பார்கள். சுங்குவார்சத்திரம் காட்டிய பாடம் அதுவே. வேலைக்குப் போன தோழனின் வீட்டுக்கு இரவில் கல் போகக்கூடாது. பகலில் இரண்டு பேர் போக வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும். முதல் நாள் கதவு திறக்காவிட்டால் மறுநாளும் போக வேண்டும்.

லைன் லீடர் தோழனுக்கும் ஒரு வார்த்தை. உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. உனக்கும் குடும்பம் உண்டு. நாளைக்கு ஒரு பெண் ஐந்து நிமிஷம் கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காதே. சங்க நோட்டீஸ் வாங்கினவன் பேரைக் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல். இவ்வளவுதான் கேட்கிறோம். இரவல் கொடுத்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள். நீ வாங்க வாங்க, மேலே இருப்பவனுடைய ஆயிரம் கை தொள்ளாயிரமாகும், ஐந்நூறாகும்.

வயலில் நிற்கிற தாய்மார்களே! உங்கள் பிள்ளை தொப்பி மாறி வீட்டுக்கு வந்தால் சந்தோஷப்படுங்கள். சம்பளம் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். கூடவே, "உன் கீழே எத்தனை பேர், அவர்களை எப்படி நடத்துகிறாய்?" என்றும் கேளுங்கள். தஞ்சையில் சவுக்கைக் கீழே போட வைத்தவர்கள் உங்களைப் போன்றவர்களே. ஒரகடத்திலும் அது உங்கள் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.